நாலு சேவை, ஒரே சர்வர்: எந்த போர்ட்டைத் திறப்பது, எதை மூடுவது?

மாசிவீதிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கீழமாசி வீதியில் பருப்பு, பயறு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் என்று எது வந்தாலும் அதுவும் என் தலையில்தான் விடியும். குடோன் திருமங்கலத்தில் இருக்கிறது.

கடைக்கு வாடகை விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்கு எடுத்த சர்வர்) ஒன்று உண்டு, உபுண்டு 24.04 லினக்ஸ். அதை அமைத்துக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். பாஸ்வேர்டு எழுதிய தாள் ஒன்றுதான் மிச்சம். தோண்டிப் பார்த்ததில் தெரிந்தது இதுதான்: கடையின் வெப்சைட் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் ஓடுகிறது, போர்ட் (சர்வரின் கதவு எண் மாதிரி) 80. பில்லிங் சாஃப்ட்வேர் ஜாவா, டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் 8080. குடோன் இருப்புக் கணக்கு நோட்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தளத்தில் எழுதியது, 3000. டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், டாக்கருக்குள் (நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் முறை), 3306. கடைப் பையன்கள் ஐபி முகவரியை அடித்து, கோலன் போட்டு, 8080 அடித்துத்தான் பில் போடுகிறார்கள். ஹெச்டிடிபிஎஸ் கிடையாது. வெளியூர் மில் ஒன்றின் ஆபீஸ் வைஃபையில் 8080 திறக்கவே மாட்டேன் என்கிறது.

இப்போது முதலாளி, வெளியூர்க் கடைக்காரர்கள் தாங்களே ஆர்டர் போட ஒரு பக்கம் வேண்டும் என்கிறார். அதை 6000-இல் வைக்க வேண்டுமாம். கூட்டுத்தொகை 6, அவருடைய ராசி எண். சிரிக்காதீர்கள், உத்தரவு அப்படி.

என் கேள்வி: ஒவ்வொரு சேவைக்கும் ஒரு போர்ட்டைத் திறந்துகொண்டே போவதுதான் முறையா? ஃபயர்வாலில் என்னென்ன எழுத வேண்டும்?

ரூட்டுதலைவன்:
இதில் என்ன இருக்கிறது தம்பி. யூஎஃப்டபிள்யூவில் (உபுண்டுவின் ஃபயர்வால் கருவி) 80, 443, 8080, 3000, 6000 எல்லாவற்றுக்கும் அலோ கொடுங்கள், எனேபிள் செய்யுங்கள், வேலை முடிந்தது. அப்புறம் எஸ்எஸ்எச்சை, அதாவது தொலைவிலிருந்து சர்வருக்குள் லாகின் செய்யும் வழியை, 22-லிருந்து 2222-க்கு மாற்றிவிடுங்கள். பாதித் தாக்குதல் அங்கேயே நின்றுவிடும்.

வடகரை:
தலைவா, கொஞ்சம் பொறுங்கள். தம்பி, அந்தப் பட்டியலில் 22 இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அப்படியே எனேபிள் கொடுத்தால், இப்போது திறந்திருக்கும் டெர்மினலை மூடிய நிமிடம் சர்வர் கைக்கு எட்டாமல் போய்விடும். எந்த வரிசையில் எழுதினாலும் எஸ்எஸ்எச்சுக்கு அலோ கொடுத்த பிறகுதான் எனேபிள்.

6000-ஐ மறந்துவிடுங்கள். குரோமில் அது திறக்காது. எக்ஸ்11 திரைக்கு என்று பழைய காலத்திலிருந்தே உள்ள எண் அது. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் சில போர்ட்டுகளைத் தடுத்தே வைத்திருக்கின்றன. 5060, 6000, 6665 முதல் 6669 வரை, 10080 எல்லாம் அதில் வரும். சர்வர் பக்கம் எல்லாம் ஒழுங்காக இருக்கும், டெர்மினலில் கர்ல் கட்டளை போட்டால் பதில் வரும், பிரவுசர் மட்டும் ‘பாதுகாப்பற்ற போர்ட்’ என்று சொல்லிவிட்டு நிற்கும். தெரியாதவர்கள் ராத்திரி முழுக்க ஃபயர்வாலை நோண்டிக்கொண்டிருப்பார்கள். முதலாளிக்கு ராசி முக்கியமென்றால் ஆர்டர் பக்கத்தை 6-ஆம் தேதி தொடங்கி வையுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெளியுலகத்துக்கு 80 (ஹெச்டிடிபி), 443 (ஹெச்டிடிபிஎஸ்) இரண்டு போதும். உங்கள் நிர்வாகத்துக்கு 22. வேறு எதுவும் வெளியே தெரியக் கூடாது. பில்லிங், இருப்பு, ஆர்டர் மூன்றும் 443 வழியாகவே வர வேண்டும். என்ஜின்எக்ஸ் முன்னால் நின்று வாங்கி, எந்தப் பெயரைக் கேட்டு வந்தார்களோ அதற்கேற்ப உள்ளே தள்ளிவிடும். இதனால் ‘கோலன் 8080’ அடிக்கிற வேலை போகும், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் சான்றிதழ் போட்டுக்கொள்ளலாம், அந்த மில் ஆபீசிலும் திறக்கும். வெளியே போகும் இணைப்பில் 80, 443 இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடைத்து வைப்பது பல ஆபீஸ்களில் வழக்கம்.

இன்னொன்று. போர்ட் எண்ணைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், எந்த முகவரியில் அந்த போர்ட் காது கொடுத்துக் கேட்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. ஒரு சேவை 0.0.0.0-இல் கேட்டால், கடை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்த மாதிரி, தெருவில் போகிற யாரும் வந்து பேசலாம். 127.0.0.1-இல் கேட்டால் பின்கட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற ஆள், கடைக்குள் இருப்பவர் மட்டும்தான் கூப்பிட முடியும். டாம்கேட்டும் நோட்டும் டேட்டாபேஸும் பின்கட்டில் இருக்க வேண்டியவை. ஃபயர்வால் அதற்கப்புறம்.

எந்தச் சேவை எங்கே கேட்கிறது என்று காட்டும் ‘எஸ்எஸ் -டிஎல்என்பி’ கட்டளையை முதலில் சூடோவோடு ஓட்டி, வருவதை இங்கே போடுங்கள்.

மாசிவீதிக்காரன்:
நன்றி அண்ணே. ஓட்டினேன். 0.0.0.0:22, 0.0.0.0:80, நட்சத்திரம் போட்டு 8080, நட்சத்திரம் போட்டு 3000, 0.0.0.0:3306 ‘டாக்கர்-ப்ராக்ஸி’ என்று இருக்கிறது. 127.0.0.53:53 என்று ஒன்று, 127.0.0.1:8005 என்று ஒன்று. கடைசி இரண்டும் என்னவென்று தெரியவில்லை. யூஎஃப்டபிள்யூ ‘செயலில் இல்லை’ என்கிறது.

வடகரை:
127.0.0.53 உபுண்டுவின் சொந்த டிஎன்எஸ் உதவியாளர், அதைத் தொடாதீர்கள். 8005-ஐப் பிறகு பார்ப்போம், அவசரமில்லை.

நட்சத்திரம் போட்டு வருவது ஐபிவி6, ஐபிவி4 இரண்டிலும் எல்லா முகவரிகளிலும் கேட்கிறது என்று அர்த்தம். சில கருவிகளில் இதுவே மூன்று கோலன் போட்டு 8080 என்று வரும். அதைப் பார்த்து ‘ஐபிவி6 மட்டும்தானே, நமக்கென்ன’ என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. லினக்ஸில் இயல்பான அமைப்பில் அந்த ஒரே சாக்கெட் ஐபிவி4 இணைப்பையும் வாங்கிக்கொள்ளும்.

ஆக உங்கள் பில்லிங், இருப்பு, டேட்டாபேஸ் மூன்றுமே வாசலில் உட்கார்ந்திருக்கின்றன. டேட்டாபேஸை முதலில் கவனியுங்கள். இன்றைக்கே.

ரூட்டுதலைவன்:
அதற்குத்தான் யூஎஃப்டபிள்யூ. உள்ளே வருவது எல்லாம் டினை என்று வைத்துவிட்டு 22, 80, 443 மட்டும் அலோ. 3306 தானாக மூடிக்கொள்ளும். இதற்கு ஏன் இவ்வளவு பெரிய கதை?

மாசிவீதிக்காரன்:
தலைவர் சொன்னபடியே செய்தேன், 22-க்கு முதலில் அலோ கொடுத்துவிட்டுத்தான். ஸ்டேட்டஸ் பார்த்தால் 22, 80, 443 மூன்றுதான் இருக்கிறது. 8080 வெளியிலிருந்து நின்றுவிட்டது, அதனால் கடையில் பில் போட முடியவில்லை என்று சத்தம், தற்காலிகமாகத் திறந்து வைத்திருக்கிறேன். ஆனால் செல்போனில் டெர்மக்ஸ் போட்டு, மொபைல் டேட்டாவிலிருந்து ‘என்சி -இசட்வி’ கொடுத்துப் பார்த்தால் 3306 இன்னும் திறந்தே இருக்கிறது! ஃபயர்வாலில் பெயரே இல்லை, எப்படித் திறக்கிறது?

திருநகர்க்குயில்:
கடை வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவிலிருந்து பார்த்தீர்களே, அதுதான் சரியான சோதனை தம்பி. சர்வருக்குள்ளேயே இருந்து பார்த்து ‘மூடியாச்சு’ என்று நினைப்பவர்களே அதிகம்.

விடை டாக்கரில் இருக்கிறது. நீங்கள் கன்டெய்னரை ‘3306:3306’ என்று வெளியிட்டால், டாக்கர் தானே ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால்) விதிகளை எழுதிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டின் சேருமிடத்தை நுழையும்போதே கன்டெய்னரின் உள் முகவரிக்கு மாற்றிவிடுகிறது. முகவரி மாறிய பிறகு அது ‘இந்த சர்வருக்கு வந்த பாக்கெட்’ என்ற கணக்கில் வராது, ‘இந்த சர்வர் வழியாகக் கடந்து போகிற பாக்கெட்’ ஆகிவிடும். யூஎஃப்டபிள்யூவில் நீங்கள் எழுதிய அலோ, டினை எல்லாம் முதல் வகைக்கான இன்புட் சங்கிலியில் இருக்கின்றன. பாக்கெட் ஃபார்வர்டு சங்கிலி வழியாகப் போகிறது, அங்கே டாக்கரின் விதிகள் முன்னால் நின்று உள்ளே விட்டுவிடுகின்றன. யூஎஃப்டபிள்யூ பொய் சொல்லவில்லை. அதனிடம் யாரும் கேட்கவே இல்லை.

இதற்காக டாக்கரின் ஐபிடேபிள்ஸ் வேலையையே நிறுத்திவிடு என்று ஒரு வழி பல இடங்களில் எழுதியிருக்கும். அதைச் செய்யாதீர்கள். கன்டெய்னர்கள் வெளியே போய் எதையும் இறக்க முடியாமல் வேறு பஞ்சாயத்து வரும். கன்டெய்னரின் அமைப்பை எழுதி வைத்திருக்கும் கம்போஸ் ஃபைலில் போர்ட் வரியை ‘127.0.0.1:3306:3306’ என்று மாற்றி, கன்டெய்னரை மறுபடி உருவாக்குங்கள். வெறும் ரீஸ்டார்ட் போதாது, ‘அப் -டி’ கொடுக்க வேண்டும். பில்லிங் டாம்கேட் கன்டெய்னருக்கு வெளியேதானே ஓடுகிறது? அப்படியானால் அதற்கு 127.0.0.1 போதும். பிற்பாடு டாம்கேட்டையும் அதே கம்போஸுக்குள் கொண்டுவந்தால் போர்ட் வரியையே எடுத்துவிடலாம், கன்டெய்னர்கள் ஒன்றையொன்று சேவைப் பெயரால் கூப்பிட்டுக்கொள்ளும்.

சர்வரை வாடகைக்கு விட்டவரின் கண்ட்ரோல் பேனலில் தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். அது மெஷினுக்கு வெளியே இருப்பதால் டாக்கரால் அதைத் தாண்ட முடியாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இத்தனை நாள் திறந்து கிடந்தது யார் கண்ணில் பட்டதோ.

ரூட்டுதலைவன்:
குயில் அக்கா சொன்னது சரி. டாக்கர் விஷயம் கணக்கில் வரவில்லை. ஆனால் 2222 பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

மாசிவீதிக்காரன்:
அக்கா, மாற்றிவிட்டேன். இப்போது செல்போனிலிருந்து 3306 ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’. நடுவில் ஒருமுறை ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்ததாக ஞாபகம். இரண்டும் ஒன்றுதானா?

வடகரை:
ஒன்றில்லை. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி நேரம் மிச்சம்.

ரெஃப்யூஸ்டு என்றால் உங்கள் பாக்கெட் சர்வர் வரை போயிருக்கிறது, அந்த எண்ணில் கேட்க யாருமில்லை, கர்னல் உடனே ‘ஆர்எஸ்டி’ என்ற மறுப்பைப் போட்டுத் திருப்பி அனுப்பியது. சேவை ஓடவில்லை, அல்லது வேறு முகவரியில் கேட்கிறது, இரண்டில் ஒன்று. எஸ்எஸ் பார்க்க வேண்டியது அப்போது. டைம்ட் அவுட் என்றால் வழியில் எங்கோ பாக்கெட்டை வாங்கிப் போட்டுவிட்டு யாரும் பதிலே சொல்லவில்லை. பேனல் ஃபயர்வால், யூஎஃப்டபிள்யூ, அல்லது ஐபி முகவரியே தப்பு. யூஎஃப்டபிள்யூவில் டினை கொடுத்தால் சத்தமில்லாமல் போடும், ரிஜெக்ட் கொடுத்தால் மறுத்துப் பதில் அனுப்பும், ஆகவே ரிஜெக்ட் எழுதிய இடத்திலும் ரெஃப்யூஸ்டு வரலாம். மூன்றாவதாக பிரவுசரில் 502 என்ற பிழை வந்தால் நல்ல செய்தி: என்ஜின்எக்ஸ் வரை வந்தாயிற்று, அதற்குப் பின்னால் இருக்கும் ஆள்தான் எழுந்திருக்கவில்லை.

இனி என்ஜின்எக்ஸை அமைக்கலாம். டிஎன்எஸ்ஸில் பில், இருப்பு, ஆர்டர் என்று மூன்று துணைப் பெயர்கள் போட்டு மூன்றையும் ஒரே ஐபிக்குக் காட்டுங்கள்.

ஒத்தக்கடைப்பையன்:
நடுவில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். ஒரே 443-இல் மூன்று சைட் எப்படிப் பிரியும்? என்கிரிப்ட் ஆன பிறகுதானே பெயரே தெரியும்?

வடகரை:
நல்ல கேள்வி தம்பி. டிஎல்எஸ் (ஹெச்டிடிபிஎஸ்ஸின் என்கிரிப்ட் முறை) கைகுலுக்கலின் முதல் செய்தியிலேயே பிரவுசர் எந்தப் பெயரைத் தேடி வந்தது என்பதை எழுதி அனுப்புகிறது, எஸ்என்ஐ என்பார்கள். 2003-லேயே தரமாகிவிட்டது. அதற்குமுன் ஒவ்வொரு ஹெச்டிடிபிஎஸ் சைட்டுக்கும் தனி ஐபி வாங்க வேண்டியிருந்தது. பெயரைப் பார்த்து என்ஜின்எக்ஸ் உரிய சான்றிதழை எடுத்து நீட்டும்.

மேலூர்ஜாவா:
டாம்கேட் பக்கம் நான் சொல்கிறேன். சர்வர் எக்ஸ்எம்எல்லில் 8080 கனெக்டர் வரியில் ‘அட்ரஸ்’ என்று 127.0.0.1 சேர்த்துவிட்டு டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதே ஃபைலில் 8009 ஏஜேபி கனெக்டர் (வெப் சர்வர் டாம்கேட்டோடு பேச இன்னொரு வழி) உயிரோடு இருந்தால் மூடிவிடுங்கள். உங்களுக்குத் தேவையில்லை. 2020-இல் ‘கோஸ்ட்கேட்’ என்று பெயர் பெற்ற ஓட்டை அந்த வழியாகத்தான். உங்கள் எஸ்எஸ் பட்டியலில் 8009 இல்லை, நிம்மதி. நோட் பக்கம், ‘லிசன்’ அழைப்பில் 3000 மட்டும் கொடுத்திருப்பார்கள். முகவரி கொடுக்காவிட்டால் எல்லா முகவரியிலும் கேட்கும். இரண்டாவதாக 127.0.0.1 சேருங்கள்.

என்ஜின்எக்ஸில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சர்வர் பிளாக். பில்லிங்குக்கு ப்ராக்ஸி பாஸ் (எங்கே தள்ளிவிட வேண்டும் என்று சொல்லும் வரி) 127.0.0.1:8080, இருப்புக்கு 127.0.0.1:3000, ஆர்டருக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் எண், 3001 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுத வேண்டாம். அந்தப் பெயர் ஐபிவி6 முகவரிக்கும் விரியும், டாம்கேட் ஐபிவி4-இல் மட்டும் கேட்கும், எரர் லாகில் அவ்வப்போது ‘ரெஃப்யூஸ்டு’ என்று வந்து குழப்பும். எண்ணிலேயே எழுதிவிடுங்கள்.

ஹோஸ்ட் ஹெடரை, அதாவது பிரவுசர் கேட்டு வந்த பெயரை, கண்டிப்பாகக் கடத்துங்கள். கடத்தாவிட்டால் என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி பாஸில் எழுதிய முகவரியையே ஹோஸ்ட் என்று அனுப்பும். பில்லிங் ஆப் லாகின் முடிந்ததும் ‘127.0.0.1:8080-க்குப் போ’ என்று பிரவுசரிடம் சொன்னாலும் சொல்லும். பையனின் பிரவுசருக்கு 127.0.0.1 என்றால் அவன் முன்னால் இருக்கிற கம்ப்யூட்டர்தான், அங்கே என்ன இருக்கும்? எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ, எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் இரண்டையும் சேர்த்து, டாம்கேட்டில் ரிமோட் ஐபி வால்வ் போட்டுவிட்டால் ஆப்புக்கு வந்தவர் யார், ஹெச்டிடிபிஎஸ்ஸில் வந்தாரா என்பது தெரியும். இல்லாவிட்டால் லாகில் எல்லா பில்லும் 127.0.0.1-லிருந்து போட்ட மாதிரி இருக்கும்.

இன்னும் இரண்டு எண்களை நினைவில் வையுங்கள். என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் அப்லோடு வாங்காது, குடோனில் மூட்டைப் போட்டோ ஏற்றினால் 413 வரும். பின்னால் இருக்கும் ஆப் 60 விநாடிக்குள் வாய் திறக்காவிட்டால் 504 வரும், மாதக் கடைசி ஸ்டேட்மென்ட் எடுக்கும்போது மாட்டும். இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். இதெல்லாம் போர்ட் பிரச்சினை இல்லை, ஆனால் போர்ட்டை மாற்றியதால் வந்தது என்றுதான் கடையில் சொல்வார்கள்.

மாசிவீதிக்காரன்:
ஜாவா அண்ணே, அப்படியே செய்தேன். பில் பெயரில் உள்ளே லாகின் வரை வருகிறது, ஹெச்டிடிபியில். சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பாட் மட்டும் தோற்கிறது. பில் பெயருக்கும் இருப்புக்கும் சான்றிதழ் கிடைத்துவிட்டது, கடையின் மூலப் பெயருக்கு மட்டும் ‘404’ என்கிறது. அதே பெயர் பிரவுசரில் நன்றாகத் திறக்கிறது. 80-ஐ மூடிவிட்டு 443 மட்டும் வைத்துப் பார்க்கட்டுமா?

வடகரை:
80-ஐ மூடவே கூடாது. சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் ஹெச்டிடிபி சோதனை 80-இல்தான் வந்து தட்டும், வேறு எண்ணை ஏற்காது. 443-க்கு ரீடைரக்ட் செய்தால் பின்தொடரும், ஆனால் தொடக்கம் 80. சான்றிதழ் 90 நாள்தான், செர்ட்பாட் தானாகப் புதுப்பிக்கிறபோதும் இதே கதவைத்தான் தட்டும். இன்றைக்கு வாங்கிவிட்டு 80-ஐ அடைத்தால் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கடை பரபரப்பாக இருக்கும் நாளாகப் பார்த்துக் காலாவதியாகும்.

செர்ட்பாட் சொன்ன பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். எந்த ஐபியில் 404 கிடைத்தது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

மாசிவீதிக்காரன்:
எழுதியிருக்கிறது அண்ணே. கோலன் கோலனாக நீளமாக ஒரு முகவரி. அது நம் சர்வர் முகவரி இல்லை.

திருநகர்க்குயில்:
பிடித்துவிட்டீர்கள். மூலப் பெயருக்குப் பழைய ‘குவாட் ஏ’ பதிவு ஒன்று டிஎன்எஸ்ஸில் கிடக்கிறது, முன்பிருந்த சர்வரின் ஐபிவி6. இரண்டு முகவரியும் இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் முதலில் ஐபிவி6-க்குத்தான் போகும். அங்கே இணைப்பே கிடைக்காவிட்டால் ஐபிவி4-க்கு வந்திருக்கும், ஆனால் அந்தப் பழைய மெஷினில் வேறு யாரோ வெப் சர்வர் வைத்திருக்கிறார்கள், பதில் வந்துவிட்டது, 404. உங்கள் கம்ப்யூட்டரில் ஐபிவி6 இல்லாததால் உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. ஜியோ மொபைலில் வருகிறவர்களுக்கு ஐபிவி6 உண்டு, அவர்கள் இத்தனை நாள் வேறு எதையோ பார்த்திருப்பார்கள். அந்தப் பதிவை அழியுங்கள். உங்கள் விபிஎஸ்ஸுக்கு ஐபிவி6 இருந்தால் பிறகு புதிதாகச் சேர்க்கலாம், அப்போது என்ஜின்எக்ஸில் ஐபிவி6-க்கும் தனியாக ‘லிசன்’ வரி எழுத வேண்டும்.

மாசிவீதிக்காரன்:
அழித்தேன், கொஞ்ச நேரம் கழித்து ஓட்டினேன், சான்றிதழ் வந்துவிட்டது! ‘வெப்சைட்டில் வேற என்னமோ வருது’ என்று மேலூரிலிருந்து ஒருவர் போன் செய்துகொண்டே இருந்தார், யாரும் நம்பவில்லை. அவரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது வேறொரு பூதம். கடையில் பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர் நெட்வொர்க் கேபிளில் இருக்கிறது. பில்லிங் ஆப் அதற்கு நேரடியாக அனுப்புகிறது. எப்படி என்று பார்த்தால் கடை ரவுட்டரில் 9100-ஐப் பிரிண்டருக்கு ஃபார்வர்டு செய்து வைத்திருக்கிறார்கள். கடைக்கு ஸ்டாடிக் ஐபி. திருமங்கலம் குடோனிலும் இதே மாதிரி ஒரு பிரிண்டர் வைக்க வேண்டும், ஆனால் அங்கே போர்ட் ஃபார்வர்டு போட்டும் வேலை செய்யவில்லை.

வடகரை:
9100-ஐ இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்களா? தம்பி, அந்த போர்ட்டில் பாஸ்வேர்டு, கேள்வி எதுவும் கிடையாது, என்ன அனுப்பினாலும் அச்சடிக்கும். 2018-இல் ஒரு யூடியூப் சேனலுக்கு ஆதரவு கேட்டு, இப்படித் திறந்து கிடந்த பிரிண்டர்கள் பலவற்றில் உலகம் முழுக்க ஒருவர் துண்டறிக்கை அச்சடித்தார். உங்கள் பிரிண்டரில் பேப்பர் ரோல் சீக்கிரம் தீர்ந்துபோவதாகப் பையன்கள் சொன்னதுண்டா?

மாசிவீதிக்காரன்:
புரியாத எழுத்தாக ஒரு சில சீட்டுகள் வரும், பிரிண்டருக்குச் சூடு பிடித்துவிட்டது என்று ஃபேன் போடுவார்கள்.

உசிலைநெட்:
குடோன் பக்கத்தை நான் சொல்கிறேன், நமக்கு இதுவே தொழில். ரவுட்டரைத் திறந்து வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ன என்று பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் அது சிஜிநாட். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய முகவரி அது. ஐபிவி4 முகவரி பற்றாக்குறையால் ஒரு பொது ஐபிக்குப் பின்னால் பல வீடுகளை உட்கார வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து ஒருவன் 9100 என்று வந்தால் அது எந்த வீட்டுக்கு என்று எங்கள் பக்கத்துப் பெட்டிக்குத் தெரியாது. உங்கள் ரவுட்டரில் எத்தனை ஃபார்வர்டு எழுதினாலும் பாக்கெட் அங்கே வந்து சேராது. காசு கூடக் கொடுத்தால் ஸ்டாடிக் ஐபி தருவார்கள், ஆனால் பிரிண்டருக்காக அதை வாங்காதீர்கள்.

வடகரை:
உசிலை சொன்னதுதான். இரண்டு இடத்துக்கும் ஒரே வழி: உள்ளேயிருந்து வெளியே இணைப்பு போகட்டும். விபிஎஸ்ஸில் வயர்கார்டு என்ற விபிஎன் (என்கிரிப்ட் ஆன தனிச் சுரங்கப்பாதை மாதிரி) போடுங்கள், யூடிபி 51820. கடையில் ஒன்று, குடோனில் ஒன்று என்று பழைய லேப்டாப் எதையாவது எடுத்து லினக்ஸ் போட்டு, அங்கிருந்து விபிஎஸ்ஸுக்கு வயர்கார்டு இணைப்பு கொடுங்கள். ‘பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்’ 25 விநாடி என்று வையுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் நாட் பெட்டி இணைப்பை மறந்துவிடும், அடுத்த பில் போய்ச் சேராது. விபிஎஸ் பக்கம் ‘அலோட் ஐபிஸ்’ வரியில் அந்தந்தப் பிரிண்டரின் உள் முகவரியைச் சேருங்கள். லேப்டாப்பில் ஐபி ஃபார்வர்டிங்கை 1 ஆக்கி, மாஸ்கரேட் விதி ஒன்று எழுதினால் பிரிண்டருக்குப் பக்கத்து மெஷின் பேசுகிற மாதிரியே இருக்கும். கடையிலும் குடோனிலும் ஒரே 192.168.1 தொடரை வைத்திருந்தால் மோதும், ஒன்றை முதலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

அதன்பின் கடை ரவுட்டரின் 9100 ஃபார்வர்டை அழித்துவிடலாம். பேனல் ஃபயர்வாலில் 51820 திறக்கும்போது டிசிபி என்றே விட்டுவிடுவார்கள், யூடிபி என்று மாற்றுங்கள். என்சி கொடுத்தெல்லாம் இதைச் சோதிக்க முடியாது. சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. ‘டபிள்யூஜி’ கட்டளையில் கடைசி ஹேண்ட்ஷேக் நேரம் தெரிந்தால் உயிரோடு இருக்கிறது.

ஒத்தக்கடைப்பையன்:
என் லேப்டாப்பில் எக்ஸாம்ப் (அப்பாச்சி வெப் சர்வர் உள்ள தொகுப்பு) போட்டால் அப்பாச்சி 80-இல் தொடங்க மாட்டேன் என்கிறது, ‘சிஸ்டம், பிஐடி 4’ பிடித்து வைத்திருக்கிறதாம். அதைக் கில் செய்யவும் முடியவில்லை. விண்டோஸ்.

மேலூர்ஜாவா:
அது விண்டோஸ் கர்னலுக்குள் இருக்கும் ஹெச்டிடிபி டிரைவர் தம்பி. விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ் நிறுவியிருந்தால் ‘வேர்ல்டு வைட் வெப் பப்ளிஷிங்’ சர்வீஸை நிறுத்திப் பாருங்கள். படிப்புக்குத்தானே, அப்பாச்சியை 8081-க்கு மாற்றிவிட்டு வேலையைப் பாருங்கள்.

ரூட்டுதலைவன்:
எல்லாம் முடிந்ததா? இப்போது 2222. என் சர்வரில் மாற்றிய பிறகு லாகில் திருட்டு லாகின் முயற்சியே அநேகமாக இல்லை. இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வடகரை:
லாக் சுத்தமாகும், ஒப்புக்கொள்கிறேன். பாதுகாப்பு என்று அதை எண்ணாதீர்கள். 65,535 எண்களையும் தட்டிப் பார்க்க ஸ்கேனருக்கு அதிக நேரம் ஆகாது. 1024-க்குக் கீழே உள்ள எண்களில் ரூட் உரிமை உள்ள நிரல்தான் உட்கார முடியும் என்பது லினக்ஸின் வழக்கமான அமைப்பு. 2222-இல் எஸ்எஸ்எச் எப்போதாவது விழுந்தால், அந்த மெஷினில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவனும் அங்கே தன் நிரலை உட்கார வைக்கலாம். 1995-இல் எஸ்எஸ்எச்சை எழுதிய டாட்டூ இலோனன், டெல்நெட்டின் 23-க்கும் எஃப்டிபியின் 21-க்கும் நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். அந்த இடத்திலேயே இருக்கட்டும். சாவி வைத்து மட்டும் லாகின், பாஸ்வேர்டு லாகின் ரத்து, இதுதான் காப்பாற்றும்.

ரூட்டுதலைவன்:
சாவியும் வைத்திருக்கிறேன், 2222-உம் வைத்திருக்கிறேன். இரண்டும் இருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

திருநகர்க்குயில்:
குறையாது அண்ணே, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தம்பியிடம் இருப்பது உபுண்டு 24.04. அதில் எஸ்எஸ்எச்சைச் சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிரல்) சாக்கெட் தொடங்கி வைக்கிறது. கான்ஃபிக் ஃபைலில் போர்ட்டை மாற்றிவிட்டு எஸ்எஸ்எச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் பழைய 22-லேயே கேட்டுக்கொண்டிருக்கும். டீமன் ரீலோடு கொடுத்து, ‘எஸ்எஸ்எச் டாட் சாக்கெட்’டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ‘மாற்றியாச்சு’ என்று நினைத்து ஃபயர்வாலில் 22-ஐ அடைத்துவிட்டு வெளியே நிற்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். மாற்றுவதானால் இருக்கிற டெர்மினலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புது எண்ணில் உள்ளே வந்து பார்த்த பிறகு 22-ஐத் தொடுங்கள்.

மாசிவீதிக்காரன்:
நான் 22-லேயே இருக்கிறேன். சாவி போட்டுவிட்டேன், பாஸ்வேர்டு லாகினை நிறுத்திவிட்டேன்.

இப்போதைய நிலவரம்: மொபைல் டேட்டாவிலிருந்து என்மேப் போட்டு ஸ்கேன் செய்தால் திறந்திருப்பது 22, 80, 443 மூன்றுதான். தற்காலிகமாக விட்ட 8080-ஐ அடைத்துவிட்டேன். பையன்கள் பில் பெயரை புக்மார்க் செய்துகொண்டார்கள். மில் ஆபீசில் திறக்கிறது. கடைப் பிரிண்டர் வயர்கார்டு வழியாக அச்சடிக்கிறது, ரவுட்டரில் 9100 போய்விட்டது. குடோனுக்கு லேப்டாப் நாளை போகிறது. ஆர்டர் பக்கம் 3001-இல் உள்ளே ஓடும், வெளியே ஆர்டர் என்ற பெயர் மட்டும்தான் தெரியும். எண் எங்கே என்று முதலாளி கேட்டார், தேதியைக் காட்டினேன், 6-ஆம் தேதி தொடக்கம்.

ஒன்று பாக்கி. 127.0.0.1:8005 என்று வந்ததே, அது என்ன? மூடலாமா?

மேலூர்ஜாவா:
டாம்கேட்டை நிறுத்தச் சொல்லும் போர்ட் அது. குறிப்பிட்ட ஒரு சொல்லை அங்கே அனுப்பினால் டாம்கேட் நின்றுவிடும். உள்முகவரியில் மட்டும் கேட்பதால் வெளியிலிருந்து ஆபத்தில்லை, ஆனால் அந்தச் சொல் எல்லா டாம்கேட்டிலும் இயல்பாக ஒன்றேதான். சிஸ்டம்டி வைத்து டாம்கேட்டை நிறுத்தித் தொடங்குகிறீர்களென்றால் அது தேவையே இல்லை. சர்வர் எக்ஸ்எம்எல்லின் மேலே 8005 இருக்கும் இடத்தில் -1 என்று எழுதுங்கள். அதற்குமுன் சர்வீஸ் ஃபைலில் நிறுத்தும் வரி டாம்கேட்டின் ஷட்டவுன் ஸ்கிரிப்டைக் கூப்பிடுகிறதா என்று பாருங்கள். கூப்பிட்டால் அந்த ஸ்கிரிப்ட் 8005-ஐத்தான் தேடும், கிடைக்காமல் எரர் கொடுக்கும். அந்த வரியை எடுத்துவிட்டால் சிஸ்டம்டியே சிக்னல் அனுப்பி நிறுத்திக்கொள்ளும். ராத்திரி கடை அடைத்த பிறகு செய்யுங்கள்.